மணி ஏன் ஒலிக்கவில்லை?

(வீட்டுத் தன்னியக்கக் கருவிகளின் கம்பியில்லாத் தொடர்பு பற்றிய ஒரு பாடம்)

பழைய மாணவன் ஒருவன்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருவீதி, கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மலைகளினூடே வளைந்து சென்று, தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் வழியிலே கலகெதர என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில், வீதியினின்றும் சற்று விலகிய சரிவொன்றிலே நிற்கும் பழைய வீடொன்றே இக்கட்டுரை எழுதப்படுதற்குக் காரணமாயிற்று. அவ்வீட்டில் வாழ்பவர் நமது கல்லூரியிலே நெடுங்காலம் கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியப் பெருந்தகை ஒருவர். தம் பெயரை வெளியிடலாகாதென அவர் கேட்டுக்கொண்டமையால் ஈண்டு அதனைக் குறித்திலேன். ஆயினும், ‘விடை சரியாயிருந்தாலும் வழி காட்டாத கணக்குக்குப் புள்ளி இல்லை’ என்று கரும்பலகையருகே நின்று அவர் கூறக் கேட்ட எவரும் அவர் யாரென்பதை எளிதில் உணர்வர்.

ஆசிரியரும் துணைவியாரும் இன்று தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகள் கடல்கடந்த நாடுகளில் உள்ளனர். மூத்த மகன் சென்ற முறை விடுமுறையில் வந்தபோது, பெற்றோரின் நலங் கருதி வீட்டுத் தன்னியக்கக் கட்டுப்படுத்தி ஒன்றை முன்மண்டபத்தில் நிறுவிச் சென்றார். உள்ளங்கையளவான ஒரு சிறு கணினியும், அதன் யூ.எஸ்.பி. துளையிற் செருகிய விரலளவான கம்பியில்லாக் கருவியுமே அக்கட்டுப்படுத்தியாகும். நீரிறைக்கும் பம்பியை நிறுத்துதல், முற்றத்து விளக்கை ஏற்றுதல், கதவு திறந்திருப்பதை அறிவித்தல் ஆகிய பணிகளை அது செய்தது. இவற்றினும் முக்கியமானவை மூன்று அழைப்புப் பொத்தான்கள். கட்டிலருகே ஒன்றும், சமையலறையில் ஒன்றும், வீட்டின் பின்புறத்துக் குளியலறையில் ஒன்றுமாக அவை பொருத்தப்பட்டிருந்தன. எதனை அழுத்தினும் முன்மண்டபத்தில் மணி ஒலிக்கும். மகனுடைய கைத்தொலைபேசிக்கும் செய்தி செல்லும்.

ஐப்பசி மாதத்து மழையிரவொன்றிலே ஆசிரியரின் துணைவியார் அக்குளியலறையில் வழுக்கி வீழ்ந்தார். கைக்கெட்டிய பொத்தானை மும்முறை அழுத்தினார். மணி ஒலிக்கவில்லை. முன்மண்டபத்தில் நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்த ஆசிரியர், ஏறக்குறைய இருபது நிமிடங்கள் கழித்தே ஐயுற்று எழுந்து சென்று பார்த்தார். நற்பேறாக மணிக்கட்டுச் சுளுக்கோடு அம்மையார் தப்பினார்.

மறுநாட் காலை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நீர் பௌதிகம் படித்தவர். இந்தப் பெட்டிக்கு வலு போதாதாம். கூடிய வலுவுள்ளதொன்றை வாங்கி அனுப்பட்டுமா என்று மகன் கேட்கிறான். என்ன சொல்கிறீர்?” என்றார்.

“வலுவை வாங்குமுன் வழியைப் பார்ப்போம், ஐயா” என்றேன். அவ்வாறு பார்த்ததன் வரலாறே இப்பாடம்.

அலையின் இயல்பு

கம்பியின்றி மணியடித்தல் நேற்றைய புதுமையன்று. 1895ஆம் ஆண்டளவிலே கல்கத்தா நகரில் ஜகதீஸ் சந்திர போஸ் என்னும் பேராசிரியர், மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றச் செய்தும் மக்கள் முன்னிலையிலே காட்டினார். நமது நாட்டில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. அதன்பின் ஊர்தோறும் இரு தென்னைமரங்களுக்கிடையே ஏரியற் கம்பி கட்டிய நம் பாட்டனார் தலைமுறையினர் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். பெட்டி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், ஏரியல் நிற்குமிடம் சரியில்லையேல் பாட்டுக் கேளாது என்பதே அவ்வுண்மை.

இன்று வீட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவை 2400 மெகாஹேர்ட்சுக்குச் சற்று மேற்பட்ட மீடிறனில் இயங்குகின்றன. வை-ஃபை, புளூடூத், சிக்பீ ஆகிய மூன்றும் இவ்வரிசையின. ஆசிரியர் வீட்டுப் பொத்தான்கள் சிக்பீ முறையைச் சேர்ந்தவை. ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுப்பின் அலைநீளம் கிடைக்கும். 2450 மெகாஹேர்ட்சுக்கு அது ஏறக்குறைய 12.2 சென்ரிமீற்றராகும். ஒரு சாணுக்கும் குறைந்த இந்நீளத்தை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வரும் இடர்கள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

நீண்ட அலை மலையையும் சுவரையும் ஓரளவு வளைந்து கடக்கும். இதனைக் கோணல் என்பர். குறுகிய அலையோ ஒளியைப் போல நேர்வழியை விரும்பும். உலோகத் தகட்டிலே பட்டால் தெறிக்கும். நீரினுட் புகுந்தால் உறிஞ்சப்படும். நேரே வந்த அலையும் தெறித்து வந்த அலையும் எதிரெதிர் அவத்தையிற் சந்திப்பின் ஒன்றையொன்று அழிக்கும். இத்தலையீட்டினால், ஓரிடத்திற் கேளாத கருவி சில சென்ரிமீற்றர் அப்பால் நகர்த்தியதும் நன்கு கேட்பதுண்டு. ஓரலையின் பாதி நீளம் ஆறு சென்ரிமீற்றரே என்பதை நோக்கின் இதில் வியப்பில்லை.

வரவு செலவுக் கணக்கு

வீட்டுச் செலவைப் போலவே அலைக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. அதற்குரிய அலகு தெசிபெல். பத்து மடங்கு குறைதல் 10 தெசிபெல் இழப்பு. நூறு மடங்கு 20. ஆயிரம் மடங்கு 30. ஒரு மில்லிவாற்று வலுவைப் பூச்சியமெனக் கொண்டு, அதனினும் குறைந்தவற்றைக் கழித்தற் குறியோடு எழுதுவர்.

நாணயமளவான மின்கலத்தில் இயங்கும் பொத்தான் ஏறக்குறைய ஒரு மில்லிவாற்றை வெளியிடுவதாகக் கொள்வோம். அது பூச்சியம். நல்ல சிக்பீ வாங்கியொன்று −100 தெசிபெல் அளவு வரை, அதாவது ஒரு மில்லிவாற்றின் ஆயிரங் கோடியில் ஒரு பங்கு வரை, கேட்கவல்லது. எனவே நமது கையிருப்பு 100 தெசிபெல். இத்துணைச் சிறிய ஒலியையும் கேட்கும் கருவிக்குப் பதினான்கு மீற்றர் அப்பாலுள்ள பொத்தான் கேளாது போவானேன்?

வெட்டவெளியில் ஏற்படும் இழப்பைக் காண எளிய சூத்திரமொன்றுண்டு. கிலோமீற்றரிலுள்ள தூரத்தின் மடக்கையை 20ஆற் பெருக்குக. மெகாஹேர்ட்சிலுள்ள மீடிறனின் மடக்கையையும் 20ஆற் பெருக்குக. இரண்டையும் கூட்டி 32.4ஐச் சேர்க்க. 2450 மெகாஹேர்ட்சில் 10 மீற்றருக்கு விடை ஏறக்குறைய 60 தெசிபெல். அதாவது பத்து மீற்றர் செல்லுமுன் அலையின் வலு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது! தூரம் இரட்டிக்குந்தோறும் மேலும் 6 தெசிபெல் இழக்கப்படும். ஆசிரியர் வீட்டில் குளியலறைக்கும் கட்டுப்படுத்திக்குமிடையே தூரம் 14 மீற்றர். ஆகவே இழப்பு 63. மீதி 37.

இனிச் சுவர்களின் கணக்கு. மெல்லிய பலகைத் தடுப்புக்கு 3 அல்லது 4 தெசிபெல் கொள்ளலாம். செங்கற் சுவருக்கு 6 முதல் 10 வரை. கம்பியிட்ட கொங்கிறீற்றுக்கு 15, 20, சிலவேளை அதனினும் மேல். ஈரமேறிய சுவர் உலர்ந்ததினும் கூடுதலாக உறிஞ்சும். ஆசிரியர் வீட்டில் இடையே இரு செங்கற் சுவர்கள், எட்டெட்டாக 16. குளியலறை பின்னாளிற் கட்டப்பட்டமையால் அதன் முன்சுவர் கொங்கிறீற்று, அதற்கு 15. மீதி 6 தெசிபெல் மட்டுமே. கட்டுப்படுத்தியோ இரும்பு அலுமாரியொன்றின் பின்னால், தொலைக்காட்சிப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. அந்த அலுமாரிக்கு 6 கழித்தால் மீதி பூச்சியம்.

கையிருப்பில்லாத குடும்பம் மழைக்காலத்தில் என்னாகுமோ அதுவே அன்றிரவு நிகழ்ந்தது. உலர்ந்த நாட்களில் ஒருவாறு கேட்ட பொத்தான், சுவர் நனைந்ததும் கேளாதாயிற்று. “உச்சரிப்பில் பிழையில்லை, கேட்பவன் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறான்” என்று ஆசிரியர் நகைத்தார்.

கூடிய வலு ஏன் விடையன்று?

இங்கே பலரும் தவறுமிடம் ஒன்றுண்டு. கட்டுப்படுத்தியின் வலுவை இருமடங்காக்கினால் நமக்குக் கிடைப்பது 3 தெசிபெல் மட்டுமே. பத்து மடங்காக்கினும் 10. அதுவும் எத்திசையில்? கட்டுப்படுத்தி பேசுந் திசையில். கம்பியில்லாத் தொடர்பு இருவழிப் பேச்சாகும். பொத்தான் ‘அழுத்தப்பட்டேன்’ என்று கூற வேண்டும். கட்டுப்படுத்தி ‘கேட்டேன்’ என்று மறுமொழி தர வேண்டும். முன்மண்டபத்தில் இருப்பவர் உரத்துக் கூவுவதனால், குளியலறையில் ஈனக்குரலில் அழைப்பவரின் ஒலி அவர் காதில் விழப்போவதில்லை. பொத்தானின் சிறு மின்கலம் தரும் வலுவை நாம் கூட்ட முடியாது. ஆதலின் குறைக்க வேண்டியது வழியிலுள்ள இழப்பையும், காதருகேயுள்ள இரைச்சலையுமே. மேலும், வெளியிடும் வலுவுக்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்ட எல்லை உண்டு. நமது நாட்டில் இதனை மேற்பார்ப்பது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவாகும்.

சோதனை

திருத்துமுன் அளத்தல் வேண்டும். பொத்தான் மூன்றையும் அதனதன் இடத்திலேயே இருபது முறை அழுத்துவதென்றும், மணி எத்தனை முறை ஒலித்ததென்பதை ஆசிரியர் அப்பியாசப் புத்தகத்திற் குறிப்பதென்றும் முடிவு செய்தோம். ஒவ்வோர் அழுத்தலுக்குமிடையே பத்து வினாடி விட்டோம். கட்டிலருகே இருபதுக்கு இருபது, சமையலறையில் பதினேழு, குளியலறையில் ஆறு. இந்த ஆறே மழையிரவிற் பூச்சியமாயிற்றென்பது தெளிவு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டுமென்பது பரிசோதனையின் முதல் விதி. இரண்டை ஒருங்கே மாற்றிப் பயன் கிட்டினால், எதனாற் கிட்டிற்றென்று அறிய வழியில்லை.

செலவில்லாத் திருத்தங்கள்

முதலாவது, இடமாற்றம். கட்டுப்படுத்தியை அலுமாரியின் மறைவினின்றும் எடுத்து, மண்டபத்தின் உட்சுவரில், நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்திலுள்ள மரத்தட்டில் வைத்தோம். நீர்த்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, இரும்புக் கதவு, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் அருகே இதனை வைத்தலாகாது. கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சு அலையைத் திருப்பியனுப்பும். இவ்வொரு மாற்றத்தால் குளியலறையின் எண்ணிக்கை ஆறிலிருந்து பதின்மூன்றாயிற்று.

இரண்டாவது, இரைச்சலை விலக்குதல். கம்பியில்லாக் கருவி கணினியின் யூ.எஸ்.பி. 3.0 துளையில் நேரே செருகப்பட்டிருந்தது. அதன் பக்கத்துத் துளையிலே படங்கள் சேமித்த வன்தட்டொன்று இருந்தது. யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகள் 2400 மெகாஹேர்ட்சுப் பகுதியிலேயே இரைச்சலைச் சிந்துகின்றன என்பதை இன்ரெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டுள்ளது. சந்தைக்கு நடுவே நின்று மெல்லிய குரலைக் கேட்க முயல்வது போன்றதே இது. ஒரு மீற்றர் நீளமுள்ள, உலோக உறையிட்ட யூ.எஸ்.பி. நீட்டுக்கம்பி ஒன்றை வாங்கி, கருவியைக் கணினிக்கு அப்பால் தொங்கவிட்டோம். இயலுமாயின் பழைய 2.0 துளையையே பயன்படுத்துதல் நன்று. எண்ணிக்கை பதினாறாயிற்று.

மூன்றாவது, அலைவரிசை. சிக்பீ முறைக்கு 11 முதல் 26 வரை பதினாறு அலைவரிசைகள் உள்ளன. முதலாவது 2405 மெகாஹேர்ட்சிலும் இறுதியது 2480இலும் அமைந்து, ஒவ்வொன்றும் 5 மெகாஹேர்ட்சு இடைவெளியில் நிற்பவை. வை-ஃபை றவுற்றரின் அலைவரிசையோ 20 மெகாஹேர்ட்சு அகலத்தை அடைத்துக்கொள்ளும். வை-ஃபையின் 1, 6, 11 என்பவை முறையே 2412, 2437, 2462 மெகாஹேர்ட்சை நடுவாகக் கொண்டவை. இவற்றின் இடைவெளிகளில் வீழ்வன சிக்பீயின் 15, 20, 25 என்பன. ஆசிரியர் வீட்டிலே வை-ஃபை 11ஆம் வரிசையிலும் சிக்பீ 22ஆம் வரிசையிலும், ஒரே சாலையில் எதிரெதிரே வரும் இரு பேருந்துகள் போல, இடித்துக்கொண்டிருந்தன. வை-ஃபையை 1ஆம் வரிசைக்கு மாற்றினோம், சிக்பீயை அசைக்கவில்லை. சிக்பீயின் வரிசையை மாற்றின் சில கருவிகளை மீண்டும் ஒவ்வொன்றாக இணைக்க நேரும். ஆதலின் றவுற்றரை மாற்றுவதே எளிது. றவுற்றரையும் கட்டுப்படுத்தியையும் ஒரு மீற்றருக்கு மேல் விலக்கியும் வைத்தோம். எண்ணிக்கை பதினெட்டு.

இதுவரை செலவானது ஒரு நீட்டுக்கம்பியின் விலை மட்டுமே.

அஞ்சல் நிலையம்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு மலையின் குணம் தெரியும். ஒலிபரப்புக்கு மலை பகைவனுமாகும், நண்பனுமாகும். பள்ளத்தாக்கிலுள்ள வீட்டை மலை மறைக்கும். ஆனால் அதே மலையின் உச்சியில் அஞ்சல் நிலையமொன்றை அமைத்தால் இருபுறமும் அலை பாயும். 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தொடங்கியபோது, 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையுச்சி ஒளிபரப்புக்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது இதனாலேயே. கொழும்பிலுள்ள ஒலியை உரப்பி மலைகளைத் துளைக்க எவரும் முயலவில்லை. இருபுறமும் காணக்கூடிய இடத்தில் ஒருவனை நிறுத்தினர்.

வீட்டினுள்ளும் இத்தத்துவமே செல்லும். சிக்பீ முறையில், சுவர் மின்சாரத்தில் எந்நேரமும் இயங்கும் செருகுசுவிச்சு போன்ற கருவிகள் பிற கருவிகளின் செய்தியை வாங்கி மேலனுப்பும் ஆற்றலுடையவை. மின்கலத்தில் இயங்குவன அவ்வாறு செய்யா. அவை மின்கலத்தைச் சேமிக்கப் பெரும்பொழுதும் உறங்குகின்றன. சமையலறைக்கும் குளியலறைக்குமிடையேயுள்ள நடையில், கதவுக்கு நேரெதிரே, இத்தகைய செருகுசுவிச்சு ஒன்றைப் பொருத்தினோம். கதவு மரக்கதவாதலால் கொங்கிறீற்றுச் சுவரைத் துளைக்கும் தேவை ஒழிந்தது. பதினான்கு மீற்றர் கொண்ட கடினமான ஒரு வழி, ஐந்தும் ஒன்பதுமாக இரண்டு எளிய வழிகளாயிற்று.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உள. பொத்தான் தனக்குப் பழகிய பழைய வழியையே பற்றிக்கொண்டிருத்தல் உண்டு. ஆதலின் புதிய அஞ்சற் கருவியருகே அதனை மீண்டும் இணைத்தல் வேண்டும். அஞ்சலாகப் பயன்படும் விளக்கை யாரேனும் சுவர்ச் சுவிச்சில் அணைத்துவிட்டால் வழி அறுந்துபோம். ஆதலின் விளக்கினும் செருகுசுவிச்சே ஏற்றது. மூன்றாவது, மின்வெட்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்ததை எவரும் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் கட்டுப்படுத்தியும் றவுற்றரும் அஞ்சற் கருவியும் ஒருங்கே உறங்கிவிடும். முதலிரண்டுக்கும் சிறு பற்றறிக் காப்பொன்றை வாங்கிப் பொருத்தினோம். அஞ்சற் கருவிக்கு அது இயலவில்லை. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்க.

திருத்தத்தின் பின் குளியலறையில் இருபதுக்கு இருபது முறையும் மணி ஒலித்தது. நான்கு நாள் கழித்துப் பெருமழை பெய்தவேளையிலும் ஆசிரியர் தாமே அளந்து, இருபது என்று அறிவித்தார்.

ஏரியல் பற்றிச் சில

கட்டுப்படுத்தியைத் திறந்து வெளி ஏரியல் பூட்டலாமா என வினவுவோர் பலர். பூட்டலாம், ஆனால் அது இறுதி மருந்து. 2450 மெகாஹேர்ட்சுக்கு அலைநீளத்தின் காற்பங்கு 3.1 சென்ரிமீற்றர், இத்துணைச் சிறியதாகலின் கருவியின் சுற்றுப்பலகையிலேயே அச்சிட்ட ஏரியல் பெரும்பாலும் போதுமானது. வெளி ஏரியல் புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. உள்ளதை ஒரு திசைக்குத் திரட்டுவதே அதன் தொழில். ஒரு திசையிற் கூட்டின் மற்றொரு திசையிற் குறையும். நிமிர்ந்து நிற்கும் ஏரியல் தன்னைச் சுற்றிப் பக்கவாட்டிலேயே மிகுதியாக அனுப்பும். தலைக்கு நேர்மேலும் அடிக்கு நேர்கீழும் மிகக் குறைவு. சரிவில் கட்டிய வீடுகளில், கீழ்த்தளத்து அறை மேல்தளத்துக் கட்டுப்படுத்திக்கு நேர்கீழே இருப்பின், ஏரியலைச் சரித்து வைத்தல் பயன்தரும்.

ஏரியலைத் தொலைவில் வைக்க மெல்லிய வடத்தை நீட்டுவோர், ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறக்குறைய 2 தெசிபெல் வடத்திலேயே இழக்கப்படுவதைக் கருதல் வேண்டும். மூன்று மீற்றர் வடம், ஏரியல் தந்த இலாபம் முழுவதையும் விழுங்கிவிடலாம். யூ.எஸ்.பி. கம்பியை நீட்டிக் கருவியையே நகர்த்துவது இதனினும் மேல். அதிற் செல்வது அலையன்று, இலக்கச் செய்தி. மேலும், ஏரியல் பூட்டாத நிலையில் வெளியிடும் கருவிக்கு மின்சாரம் கொடுத்தலாகாது, கருவி பழுதுறலாம்.

புதிதாகக் கருவி வாங்குவோர் 868 மெகாஹேர்ட்சு அயலில் இயங்கும் வகைகளையும் ஆராயலாம். மேற்கூறிய சூத்திரத்தின்படி பத்து மீற்றருக்கு அதன் இழப்பு 51 தெசிபெல். 2450இனும் 9 குறைவு. இதற்குக் காரணம் குறுகிய அலை வெளியிலே விரைவில் மடிவதன்று; நீண்ட அலைக்குரிய ஏரியல் பெரிதாகலின் கூடுதலான அலையை ஏந்துகின்றது. சுவரைக் கடப்பதிலும் நீண்ட அலை பொதுவாக வல்லது. ஆயின் எந்த மீடிறன் எந்நாட்டில் அனுமதிக்கப்பட்டதென்பது வேறுபடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் கருவி இங்கு பயன்படுத்தத்தக்கதா என்பதை முன்னரே விசாரித்தறிதல் கடன்.

ஒரு கம்பியும் வேண்டும்

எல்லாம் முடிந்தபின் தேநீர் அருந்துகையில் அம்மையார் கேட்ட கேள்வி, பௌதிகம் படித்த என்னைச் சிறிது நாணச் செய்தது. “தம்பி, மின்சாரம் இல்லாத இரவில் நான் விழுந்தால் இந்த மணி அடிக்குமா?” என்றார்.

அடிக்காதிருக்கலாம் என்பதே நேர்மையான விடை. ஆதலின் அடுத்த வாரம் சென்று, குளியலறையிலிருந்து முன்மண்டபம் வரை இரட்டைக் கம்பியொன்றை இழுத்து, பற்றறியில் இயங்கும் சாதாரண மணியொன்றைப் பூட்டினேன். ஈரமான இடமாகலின் வீட்டு மின்சாரத்தை அங்கே கொண்டுசெல்லாமல் தாழ்ந்த வோல்ற்றளவிலேயே அமைத்தேன். நிலத்தில் விழுந்தவர்க்கும் எட்டுமாறு சுவிச்சிலிருந்து கயிறொன்று தரைமட்டத்துக்குச் சற்று மேல்வரை தொங்குகின்றது. கம்பியில்லாப் பொத்தானும் அதனருகே இருக்கின்றது. அது மகனுக்குச் செய்தி சொல்லும். கம்பிமணி ஆசிரியரை எழுப்பும். உயிரோடு தொடர்புடைய பணியை ஒரே வழியில் ஒப்படைத்தல் தகாதென்பதை யான் கற்றது இவ்வாறே.

மாணவர்க்குப் பயிற்சி

1. வீட்டில் றவுற்றருக்கும் உமது அறைக்குமிடையேயுள்ள சுவர்களை எண்ணி, மேற்கூறியவாறு இழப்புக் கணக்கொன்று எழுதுக. பின் கைத்தொலைபேசி காட்டும் அளவோடு ஒப்பிடுக. வேறுபாடு எதனாலாயிற்றென ஆராய்க.

2. நிரம்பிய நீர்ப்பாத்திரமொன்றைக் கருவியின் முன் வைத்தும் எடுத்தும் அளவைக் குறிக்க. ஒருவரை இடையே நிற்கச் செய்தும் அளக்க. மனித உடலிற் பெரும்பகுதி நீரென்பது இங்கே விளங்கும்.

3. 433.92 மெகாஹேர்ட்சில் இயங்கும் கருவிக்குக் காலலை ஏரியலின் நீளம் யாது? (விடை: ஏறக்குறைய 17.3 சென்ரிமீற்றர். வழி காட்டுக.)

கலகெதர வீட்டில் இப்பொழுது ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறையன்றும் காலையிலே அம்மையார் பொத்தான்களையும் கயிற்றையும் ஒவ்வொன்றாக இயக்க, ஆசிரியர் அப்பியாசப் புத்தகத்திற் குறித்து வைக்கின்றார். மின்கலம் தளர்ந்ததை ஒருமுறை அவ்வாறே கண்டுபிடித்தனர். விபத்து நேருமுன் கண்டது அது.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் இளைப்பாறிய ஆசிரியர்கள் தனித்து வாழ்கின்றனர். தூரதேசத்துப் பிள்ளைகள் அனுப்பிய கருவிகள் அவர்தம் வீடுகளிலும் இருக்கக்கூடும். அவை ஒலிக்குமென்று எல்லோரும் நம்பியிருப்பர். ஒருநாள் சென்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பொத்தானை இருபது முறை அழுத்துங்கள். எத்தனை முறை மணி ஒலித்ததென்று முன்மண்டபத்திலுள்ள ஆசிரியரைக் கேளுங்கள். இருபதுக்குக் குறைந்த எவ்விடைக்கும் அவர் புள்ளி வழங்கமாட்டார்.